ஒப்பரேஷன் முடிந்து முப்பது வருடம்

இதயத்தில் ஓட்டையோடு பிறந்த பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டால் வீட்டார் நேர்த்திக்கடனைத் தீர்ப்பார்கள். ஆஸ்பத்திரிக் கடதாசிகளை ஒரு ஃபைலில் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைப்பார்கள். அதன்பிறகு அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். பெண்பிள்ளை என்றால் அறவே பேசமாட்டார்கள். கலியாணப் பேச்சு வரும்போது நெஞ்சுத் தழும்பை எப்படிச் சொல்வது என்ற யோசனை தாய்க்கு உள்ளூர ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்தக் கவலை தழும்பைப் பற்றியது, இதயத்தைப் பற்றியதல்ல. இதயம்தான் சுகமாகிவிட்டதே.

பெரும்பாலும் அப்படித்தான். சாதாரண ஓட்டை ஒன்றைக் காலத்தோடு அடைத்துவிட்டால் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்து கிழமாகும். ஆனால் சில ஒப்பரேஷன்கள் பெரிய கோளாறு ஒன்றைத் தீர்க்கும்போதே மெதுவான இன்னொன்றை உள்ளே விட்டு வருகின்றன. சத்திரசிகிச்சை நிபுணர் கவனக்குறைவாக விட்டதல்ல அது. உயிரைக் காப்பாற்ற வேறு வழியில்லாததால் தெரிந்தே விட்டது.

ஹெவ்லொக் டவுனில், திம்பிரிகஸ்யாய சந்திக்குக் கிட்ட ஒரு தொடர்மாடியில் வசிக்கும் முப்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். கைக்குழந்தையாய் இருந்தபோது அவள் அழுதால் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். பொரளையில் உள்ள லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் நோயைக் கண்டுபிடித்தார்கள். சென்னையில் ஒப்பரேஷன் நடந்தது. தொண்ணூறுகளில் அப்படிக் கடல் தாண்டிய குடும்பங்கள் கொழும்பில் ஏராளம். பத்திரிகையில் உதவி கோரி, 1978இல் தொடங்கிய ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பித்து, வெளிநாட்டு உறவினர் அனுப்பியதையும் சேர்த்துத்தான் பலர் போய் வந்தார்கள். இன்று அவள் வேலைக்குப் போகிறாள், சனிக்கிழமையில் வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி வாங்கி இரண்டு கையிலும் தூக்கி வருகிறாள். கேட்டால், "எனக்கு ஒன்றும் இல்லை" என்பாள். பொய் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை.

(ஹெவ்லொக் டவுனுக்குப் பெயர் கொடுத்தவர் 1890 முதல் 1895 வரை இங்கே ஆளுநராக இருந்து, பிறகு சென்னை மாகாணத்துக்கு ஆளுநராகப் போன ஆர்தர் ஹெவ்லொக். அவருக்குப் பின் வந்த வெஸ்ட் ரிஜ்வேயின் மனைவி பெயரில்தான் பொரளை ஆஸ்பத்திரி. அடுத்தடுத்து வந்த இரண்டு ஆளுநர்களின் பெயர்களுக்கு நடுவே நான்கைந்து கிலோமீற்றர் தூரத்தில் இந்தக் கதையின் பாதி நடக்கிறது.)

ஹெவ்லொக் டவுன் பெண்ணுக்கு இருந்த நோய் டெட்ராலஜி ஒஃப் ஃபலோ. மார்செய் நகர மருத்துவர் எத்தியேன்-லூயி ஃபலோ 1888இல் நான்கு கோளாறுகளைச் சேர்த்து இதை விவரித்தார். இரண்டு இதயவறைகளுக்கும் நடுச்சுவரில் பெரிய ஓட்டை. சுவாசப்பை நாடிக்குப் போகும் வழியில் அடைப்பு. பெருநாடி தன் இடத்தை விட்டு ஓட்டைக்கு மேலே நகர்ந்து நிற்பது. அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளி வலது இதயவறையின் தசை தடித்துப்போவது. சுவாசப்பைக்குப் போகவேண்டிய கருங்குருதி அங்கே போக வழியில்லாமல், ஓட்டையூடாகப் பெருநாடிக்குள் கலந்து உடம்பெங்கும் ஓடுகிறது. நீலத்துக்குக் காரணம் அதுதான்.

இதை முதன்முதலில் முழுமையாகத் திருத்தியவர் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்ற்றன் லில்லிஹை. நாள் 1954 ஓகஸ்ட் 31. இதய-நுரையீரல் இயந்திரத்தை நம்பிப் பயன்படுத்தும் நிலை அப்போது வரவில்லை. ஆகவே பக்கத்து மேசையில் ஆரோக்கியமான ஒரு மனிதரைப் படுக்கவைத்து, அவருடைய இதயத்தையும் சுவாசப்பையையும் கொண்டு சிறுவனின் குருதியைச் சுத்திகரித்துச் சுற்றவிட்டார்கள். அந்தச் சிறுவனின் குருதிவகை அரிதானது, பெற்றோரிடம் பொருத்தமில்லை. முன்பின் தெரியாத ஒரு வீதித் தொழிலாளி வந்து படுத்தார். ஒரே ஒப்பரேஷனில் இருவர் சாகக்கூடிய வைத்தியம் என்று அப்போதே கண்டித்தார்கள். சிறுவன் பிழைத்தான். அடுத்த ஆண்டே மேயோ கிளினிக்கில் ஜோன் கேர்க்லின் இயந்திரத்தின் துணையோடு இந்த வேலையைத் தொடங்கிவிட்டார். பக்கத்து மேசை ஆள் தேவைப்படாமல் போனார்.

இனி நம் கதைக்கு வேண்டிய இடம். ஓட்டையை அடைப்பது ஒப்பீட்டளவில் இலேசு. அடைப்பை நீக்குவதில்தான் சிக்கல். பல பிள்ளைகளில் தசை மட்டுமல்ல, சுவாசப்பை நாடியின் வாசலில் இருக்கும் அரைமதி வால்வும் அதன் வளையமுமே சிறுத்துப்போயிருக்கும். அங்கே வளையத்தைக் குறுக்கே வெட்டித் திறந்து, அந்த வெட்டின்மேல் ஒட்டு ஒன்றை வைத்துத் தைத்து வழியை அகலப்படுத்துவார்கள். இறுக்கமான சட்டைக் கழுத்தை வெட்டித் துண்டு வைத்துத் தைப்பதைப் போன்றது: கழுத்து தாராளமாகப் போகும், ஆனால் பொத்தான் இனிப் பூட்டாது. வால்வு வேலை செய்யாது. இதயவறை தள்ளிய குருதியில் ஒரு பகுதி, துடிப்பு ஓய்ந்த அடுத்த கணமே வந்த வழியே திரும்பி விழும்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இதைப் பெரிய விஷயமாக எடுத்தவர்கள் குறைவு. அப்படி நினைக்க நியாயமும் இருந்தது. உடம்பெங்கும் குருதி அனுப்பும் இடது பக்கத்தில் அமுக்கம் 120 மில்லிமீற்றர் பாதரசம் என்றால், சுவாசப்பை நாடியில் அது 25 அளவுதான். குறைந்த அமுக்கத்தில் கசியும் வால்வை வலது இதயவறை பொறுத்துக்கொள்கிறது. கொஞ்சம் பெருக்கிறது, மேலதிகமாகப் பம்ப் பண்ணுகிறது, பிள்ளை ஓடி விளையாடுகிறது. பத்து வருடம், இருபது வருடம் அப்படிப் போகும். மேயோ கிளினிக்கில் ஆரம்ப காலத்தில் ஒப்பரேஷன் செய்துகொண்ட 163 பேரை நீண்டகாலம் பின்தொடர்ந்து 1993இல் வெளியிட்ட ஆய்வில், 32 ஆண்டுகளின் பின் 86 சதவீதத்தினர் உயிரோடு இருந்தனர். அதே வயதுச் சாதாரண மக்களில் எதிர்பார்க்கக்கூடியது 96 சதவீதம். ஒப்பரேஷன் இல்லாவிட்டால் அநேகமாக எவரும் அந்த வயதைக் காண மாட்டார்கள் என்பதால் இது பெரு வெற்றி. ஆனாலும் அந்தப் பத்து வீத இடைவெளி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழத்தானே செய்யும்?

கசிவு இதயத்தின் மின்னோட்டத்தையும் குலைக்கிறது என்பது பதிலின் ஒரு பகுதி. இதயவறை பெருக்கப் பெருக்க அதன் சுவரில் மின்துடிப்பு பரவும் நேரம் நீள்கிறது. ஈ.சீ.ஜீ.யில் கியூ.ஆர்.எஸ். என்று குறிக்கும் கூர்ப்பகுதி சாதாரணமாக ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். மைக்கல் கட்சூலிஸ் முதலானோர் 1995இல் காட்டியது, அது 180 மில்லிசெக்கனைத் தாண்டியவர்களுக்கே ஆபத்தான துடிப்புச் சீர்கேடும் திடீர் மரணமும் அதிகம் என்பது. ஒரு துண்டுக் கடதாசியில் அளவுகோல் வைத்து அளக்கக்கூடிய ஒன்று முப்பது வருடத்துக்கு முந்திய தையலின் பின்விளைவைச் சொல்லிவிடுகிறது. அதற்கு எந்தப் பெரிய ஆஸ்பத்திரியும் வேண்டாம். பார்க்கத் தெரிந்த கண் போதும்.

காதுக்குக் கசிவு அவ்வளவு எளிதில் அகப்படாது. ஸ்டெதஸ்கோப்பில் இரைச்சல் பலமாகக் கேட்டால் நோய் கடுமை என்று எண்ணத் தோன்றும். இங்கே பலவேளை மறுதலை. வால்வு முற்றாகத் திறந்து கிடந்தால் இரு பக்க அமுக்கமும் கணத்தில் சமமாகிவிடும். இரைச்சல் குறுகி மெலிந்துபோகும். மிக மோசமான கசிவுதான் மிக அடக்கமானது. முழுச் சோதனைக்குப் போன நம் ஹெவ்லொக் டவுன் பெண்ணிடம் ஒரு டொக்டர், "சின்ன இரைச்சல், பயப்படத் தேவையில்லை" என்று சொல்லியனுப்ப நல்ல வாய்ப்பிருக்கிறது.

எக்கோ அறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இடப்பக்கம் சரிந்து, இடக்கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்கச் சொல்வார்கள். குளிர்ந்த ஜெல் பூசிய கருவியைத் தழும்பை ஒட்டி அழுத்துவார்கள். திரையில் கறுப்பு வெள்ளையில் இதயம். நிறப் பொத்தானை அழுத்தியதும் கருவியை விட்டு விலகிப் போகும் குருதி நீலமாகவும் அதை நோக்கி வருவது சிவப்பாகவும் தெரியும். ஒழுங்கான சுவாசப்பை வால்வென்றால் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு நீல வீச்சு, பிறகு கறுப்பு. ஒட்டுப் போட்ட இதயத்தில் நீலம் போன கையோடு அதே அகலத்தில் சிவப்பு திரும்பி வரும். நீலம், சிவப்பு, நீலம், சிவப்பு. படித்தவர் படிக்காதவர் எவருக்கும் புரியும் படம் அது. நோயாளியின் பக்கம் திரையைத் திருப்பிக் காட்டும் டொக்டர்கள் இருக்கிறார்கள். அரை மணி அறிவுரையை விட அது பயன் தரும் என்பது என் எண்ணம்.

கசிவு இருக்கிறதா என்று எக்கோ சொல்லும். இதயவறை எவ்வளவு பெருத்துவிட்டது என்று துல்லியமாகச் சொல்வதில் அது தடுமாறும், ஏனெனில் வலது இதயவறை நெஞ்சென்புக்கு நேர் பின்னே, பிறைபோல் வளைந்து கிடக்கிறது. அதற்கு இதய எம்.ஆர்.ஐ. வேண்டும். உடற்பரப்பின் ஒரு சதுரமீற்றருக்கு இத்தனை மில்லிலீற்றர் என்று கணக்கு வரும். நூறுக்குக் கிட்ட இருப்பது இயல்பு. 160ஐத் தாண்டினால், அல்லது சுருங்கிய நிலையிலும் 80க்கு மேல் மிஞ்சினால், நோயாளிக்கு ஒரு குறையும் தெரியாவிட்டாலும் புது வால்வு வைப்பதை யோசிக்கவேண்டும் என்று ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. அந்த எல்லையை வெகுவாகத் தாண்டிய இதயவறை, புது வால்வு வைத்தாலும் பழைய அளவுக்குச் சுருங்குவதில்லை.

இந்த நோயின் முகாமைத்துவம் முழுவதும் இந்த ஒரு முடிச்சில்தான் நிற்கிறது. அவசரப்பட்டு வைத்தால் வால்வின் ஆயுள் வீணாகிறது. வைக்கும் எந்த வால்வும் நிரந்தரமல்ல. அடுத்ததற்கும் அதற்கடுத்ததற்கும் நாள் நெருங்கும். மூச்சு வாங்கும்வரை, கால் வீங்கும்வரை காத்திருந்தால் தசை மீளாது. சரியான நேரம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, அந்த நேரத்தில் நோயாளி நன்றாக உணர்கிறாள். சுகமாக இருப்பவளைத்தான் வருடா வருடம் அளந்து பார்க்கவேண்டும். படி ஏறினால் எப்படி என்று கேட்பதைக்கூட முழுதாக நம்பமுடியாது. பிறந்ததிலிருந்து இந்த இதயத்தோடு வாழ்பவர் தன்னை அறியாமலே மெதுவாக நடக்கப் பழகியிருப்பார். முகமூடி மாட்டி ஓடுபொறியில் ஓடவிட்டு ஒட்சிசன் செலவை அளப்பது அதனால்தான்.

இப்படிப் பின்விளைவை விட்டு வருவது ஃபலோ ஒப்பரேஷன் மட்டுமல்ல. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயக் கோளாறு உண்டு. அதில் இரு பக்கத்துக்கும் பொதுவான ஒற்றை வால்வோடு பிறப்பவர்கள் பலர். அதை இரண்டாகப் பிரித்துத் தைத்தபின் இடது பக்க வால்வு கசிந்தால் வலது பக்கத்தைப் போல் இருபது வருடத் தவணை கிடைக்காது. பின்னோக்கித் தள்ளும் அமுக்கம் சுவாசப்பைக்குள் நேரே போய்ச் சேரும். களைப்பைச் சொல்லத் தெரியாத பிள்ளை என்றால் வீட்டிலிருப்பவர்தான் கவனிக்கவேண்டும். லண்டனில் டொனல்ட் ரொஸ் 1967இல் தொடங்கிய ஒப்பரேஷன் இன்னொரு ரகம். கெட்ட பெருநாடி வால்வை எடுத்துவிட்டு நோயாளியின் சொந்தச் சுவாசப்பை வால்வை அங்கே மாற்றுவது. அழகான யோசனை. ஆனால் காலியான சுவாசப்பை வாசலுக்கும் வேறொரு வால்வு தேவைப்படுவதால், ஒரு வால்வு நோயாளியை இரண்டு வால்வு நோயாளி ஆக்கிவிடக்கூடியது.

காய்ச்சல் பற்றி ஒன்று சொல்லாமல் போகமுடியாது. கொழும்பில் காய்ச்சல் வந்தால் முதலில் போகும் இடம் ஃபார்மசி. இரண்டு நாளைக்கு அன்ரிபயோற்றிக் வாங்கிக் குடித்துவிட்டு, குறையாவிட்டால் டொக்டரிடம் போவது. செயற்கை வால்வு உள்ளவருக்கு இதைவிடக் கெட்ட பழக்கம் இல்லை. வால்வில் கிருமி பிடித்திருந்தால் அது எந்தக் கிருமி என்று அறிய, மருந்து உள்ளே போகுமுன் குருதி எடுத்து வளர்த்துப் பார்க்கவேண்டும். அரைகுறை மருந்து கிருமியைக் கொல்லாது, மறைத்துவிடும். கிருமி நுழையும் முக்கிய வாசல் பல்லும் முரசும். பல் பிடுங்கப் போகுமுன் வால்வைப் பற்றிச் சொன்னால் பல் வைத்தியர் ஒரு வேளை மருந்தை முன்கூட்டியே கொடுப்பார்.

கர்ப்பம் இன்னொரு கணக்கு. ஏழாம் மாதமளவில் உடம்பின் குருதி அளவு 40 முதல் 50 சதவீதம் கூடிவிடும். பெருத்துத் தளர்ந்த இதயவறைக்கு அது கடும் சோதனை. இலங்கையில் தாய் மரணங்களின் முன்னணிக் காரணங்களில் இதயநோயும் ஒன்று. நம் நாட்டுக் குடும்பநல மாதுக்கள் வீடு தேடி வந்து பதிகிறவர்கள். இருதய வருத்தம் உண்டா என்று கேட்டே பதிவார்கள். அங்கேதான் "சின்னதில ஒப்பரேஷன் செய்தது மிஸ், இப்ப சுகம்" என்று அம்மாவோ மாமியாரோ முந்திக்கொண்டு பதில் சொல்வது. அந்த வாக்கியத்தின் முதற்பாதியைப் பிடித்துக்கொண்டு காசல் வீதி மகளிர் வைத்தியசாலைக்கோ டி சொய்சாவுக்கோ உடனே அனுப்புகிற மாதுதான் கெட்டிக்காரி.

புது வால்வின் தெரிவும் கர்ப்பத்தோடு பின்னிக் கிடக்கிறது. உலோக வால்வு உறுதியானது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் பாடுபட்டு உருவாக்கி 1990 டிசம்பரில் முதன்முதல் ஒரு நோயாளிக்குப் பொருத்திய சித்ரா வால்வு அந்த ரகம். உலோகக் கூட்டுக்குள் ஒரு பிளாஸ்ரிக் தட்டு சரிந்து சரிந்து திறந்து மூடும். வெளிநாட்டு வால்வின் விலைக்கு முன் கைகட்டி நின்ற ஏழை நோயாளிகளுக்குப் பிராந்தியத்தில் செய்த பெரிய உபகாரம் அது. ஆனால் உலோக வால்வு உள்ளவர் குருதி உறையாமலிருக்க வாழ்நாள் முழுதும் வோர்ஃபரின் குடிக்கவேண்டும். குருதி உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனை பார்க்கவேண்டும். வல்லாரைச் சம்பலையும் கீரையையும் விடத் தேவையில்லை, ஒரு கிழமை அள்ளிச் சாப்பிட்டு மறு கிழமை தொடாமல் விடுவதுதான் கூடாது. கருவின் முதல் மாதங்களில் வோர்ஃபரின் பிள்ளையின் உருவாக்கத்தையே பாதிக்கலாம். தவிர, அமுக்கம் குறைந்த வலது பக்கத்தில் உலோக வால்வு உறைகட்டிச் சிக்கும் அபாயமும் கூட. ஆகவே சுவாசப்பை வாசலுக்குப் பெரும்பாலும் மாட்டின் அல்லது பன்றியின் இழையத்தால் செய்த வால்வே வைக்கிறார்கள். அது பத்துப் பதினைந்து வருடம் உழைக்கும். இளவயதினரில் சுண்ணாம்பு படிந்து இன்னும் முந்திக் கெடும்.

நெஞ்சைத் திறக்காமலே வைக்கலாமா? பாரிஸில் ஃபிலிப் பொன்ஹொஃபர் 2000ஆம் ஆண்டு பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அதைச் செய்து காட்டினார். மாட்டின் கழுத்து நாளம் ஒன்றில் இயற்கையாகவே இருக்கும் வால்வை எடுத்து, பிளாற்றினம் கலந்த கம்பி வலைக் குழாயினுள் தைத்து, அதை ஒரு பலூனின் மேல் நசுக்கிச் சுருக்கி, கவட்டு நாளம் வழியாக ஏற்றி இதயத்தினூடே கொண்டுபோய் அந்த இடத்தில் ஊதி விரித்தல். ஊதுவதற்கு முன் ஒரு ஒத்திகை உண்டு. வெறும் பலூனை அங்கே விரித்துவைத்து முடியுரு நாடிகளுக்குச் சாயம் பாய்ச்சிப் பார்ப்பார்கள். சிலரில், இருபதில் ஒருவரளவில், விரியும் வால்வு இதயத்துக்கே குருதி கொடுக்கும் நாடியை நசுக்கிவிடும். அவர்களுக்கு இந்த வழி அடைபட்டது.

ஆரம்பத்தில் இது செயற்கைக் குழாய் ஏற்கெனவே வைத்தவர்களுக்கே பொருந்தியது. ஒட்டுப் போட்டு அகலமாக்கிய வாசலில் வால்வு பற்றி நிற்க இடமில்லை. ஃபலோ நோயாளரில் பெரும்பாலோர் இந்த வகைதான். அவர்களுக்காக, தானே விரிந்து சுவரைக் கவ்வும் பெரிய வால்வுகள் பின்னர் வந்தன. சீனாவில் உருவான வீனஸ்-பி வால்வு 2022இல் ஐரோப்பிய அனுமதி பெற்றது. சென்னை முகப்பேரிலுள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் அதற்கு முன்பே அதைப் பொருத்தி வந்தார்கள். குஜராத்தின் வாப்பியில் தயாராகும் மைவால் வால்வையும் இதே இடத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். நம் பிள்ளைகள் பலரை ஒப்பரேஷன் செய்து அனுப்பிய ஊரிலேயே அடுத்த கட்டமும் நடக்கிறது.

கொழும்பில் குறைவது திறமை அல்ல. நாட்டில் ஆண்டுக்கு மூவாயிரம் அளவில் பிள்ளைகள் இதயக் கோளாறோடு பிறக்கிறார்கள். ரிஜ்வேயில் குழந்தை மருத்துவர்கள் 'லிற்றில் ஹார்ட்ஸ்' என்று பொதுமக்களிடம் காசு திரட்டிக் கட்டடம் எழுப்ப முன்வந்தது எல்லோருக்கும் தெரியும். பிள்ளையைக் காப்பாற்றக் கை நீட்டாதவர் இல்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து சிறுவர் கிளினிக்கை விட்டு வெளியேறும் நாளில் எங்கே போகவேண்டும் என்பதுதான் மங்கலாக இருக்கிறது. பெரியவர்களின் இதய கிளினிக்கில் வாங்கு நிறைய மாரடைப்புக்காரர்கள். பிறவிக் கோளாறோடு வளர்ந்தவர்களுக்கென்றே ரொறன்ரோ ஜெனரலில் இருப்பதுபோல் ஒரு கிளினிக், ஒரு பதிவேடு இங்கே கெட்டியாக வேரூன்றவேண்டும். சேர்த்த காசில் ஒரு சிறு பங்கு அதற்குப் போனால் கட்டடத்துக்கு ஒன்றும் குறையாது என்று நினைக்கிறேன்.

முப்பத்திரண்டு வயதில் முதல் வால்வு என்றால் எழுபதுக்குள் மூன்றாவது கேட்கும். நெஞ்சென்பை ஒவ்வொரு தடவையும் அறுத்துத் திறப்பது முந்திய தடவையை விடக் கடினம், ஏனெனில் இதயம் எலும்போடு ஒட்டிப் போயிருக்கும். அதனால் கத்தி வைத்தே பொருத்துவதென்று முடிவானால் நிபுணர் இன்றைக்கு மட்டும் யோசிப்பதில்லை. இடம் கொடுக்கிற மட்டும் பெரிய வால்வாகத் தைத்துவிடப் பார்ப்பார். பதினைந்து வருடத்தில் அது கெடும்போது, கவட்டு வழியாகக் கொண்டுபோகும் இன்னொன்றை அதற்குள்ளேயே விரிக்கலாம். 23 மில்லிமீற்றர் என்று முத்திரையிட்ட வால்வின் உள்வாய் அதைவிடச் சிறியது. அதற்குள் இன்னொன்று என்றால் வழி இன்னும் ஒடுங்கும். அப்படி ஒடுங்கினால், உயர் அமுக்கப் பலூன் ஒன்றை உள்ளே வைத்து ஊதிப் பழைய வால்வின் வளையத்தையே உடைத்து இடம் பண்ணுகிறார்கள். எல்லா வளையங்களும் உடையா. எது உடையும் எது உடையாது என்று தெரிந்துதான் இப்போது முதல் வால்வையே தெரிவு செய்கிறார்கள்.